பசைக்கு அடங்காத பீங்கானும் பித்தளைக் கொக்கியும்

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் வெளிர்பச்சைக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில், தென் சோங் அரசர் காலத்தில், சீனாவின் லோங்சுவான் சூளையில் சுட்டது. அதன் விரிசலின் குறுக்கே, இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்க, இரு கால் உள்ள உலோகக் கொக்கிகள் வரிசையாகப் பதிந்திருக்கும். 15ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய ஷோகுன் (ராணுவ ஆட்சியாளர்) அஷிகாகா யோஷிமாசாவிடம் இருந்தபோது விரிசல் விட்டதாம். இதேபோல் இன்னொன்று வேண்டும் என்று அவர் சீனாவுக்கு அனுப்ப, இப்படிச் செய்ய இப்போது ஆளில்லை என்று கொக்கி போட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். 1727இல் எழுதிய குறிப்பில் உள்ள கதை இது. கதை எப்படியோ, கொக்கிகள் இன்றும் கழன்றுவிடவில்லை.

ஏன், ஒட்டியிருக்கக் கூடாதா? மண்சட்டியில் நுண்துளைகள் இருப்பதால் பசை உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பீங்கானைச் சுமார் 1300 டிகிரி செல்சியஸில் சுடும்போது அதன் உட்பகுதியே பாதி கண்ணாடியாக உருகி இறுகிவிடுகிறது. பசை இறங்க இடமே இல்லை. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பழங்காலப் பசையோ, சூடான தேநீர் பட்டாலே இளகிவிடும்.

ஆகவே துளை போட வேண்டியதுதான். அதுவும் லேசுப்பட்டதில்லை. எதை எது கீறும் என்று 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் கடினத்தன்மை அளவில் பீங்கான் 7ஐ ஒட்டி வரும். சாதாரண எஃகு அதற்குக் கீழே. ‘வைரத் துளைப்பான் கையில் இல்லாவிட்டால் பீங்கான் வேலையை ஏற்காதே’ என்று சீனாவில் ஒரு பழமொழியே உண்டு. உடைந்த துண்டுகளைப் பொருத்தி, கயிற்றால் இறுகக் கட்டி, விரிசலின் இரண்டு பக்கமும் புள்ளி வைப்பார்கள். நுனியில் வைரச் சில்லு பதித்த தண்டில் வில்லின் நாணைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தால் தண்டு சுழலும். ஒரு சொட்டுத் தண்ணீர், கொஞ்சம் வெள்ளைத் தூள், மறுபடி இழுப்பு. பலமாக அழுத்தினால் புது விரிசல் விழும்.

துளை மறுபக்கம் வரை போவதில்லை. சுவர் 3 மில்லிமீட்டர் தடிமன் என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். உள்பக்கம் பார்த்தால் கொக்கி இருப்பதே தெரியாது. இதில் அழகைத் தாண்டி ஒரு கணக்கும் இருக்கிறது. கொக்கி வெளிமேற்பரப்பை மட்டும் இழுத்தால் உள்பக்க விரிசல் வாய் பிளக்கும். கால்கள் ஆழமாக இறங்கினால் இழுவை சுவரின் நடுப்பகுதியை நெருங்கி, விரிசல் முழுவதும் ஒரே மாதிரி மூடும். துளையை விரிசலை நோக்கிச் சற்றே சாய்த்துப் போடுவதால் கால்கள் எளிதில் நழுவுவதும் இல்லை.

பார்ப்பதற்கு ஸ்டேப்ளர் பின் மாதிரி இருந்தாலும், கொக்கி வேலை செய்யும் விதம் வேறு. அதன் கால்களுக்கு இடையிலான தூரம் துளைகளின் தூரத்தைவிட ஒரு மயிரிழை குறைவு. ஒரு காலை நுழைத்து, இன்னொன்றை இழுத்து வைத்துத் தட்டி இறக்குவார்கள். நீட்டப்பட்ட உலோகம் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுவைதான் இரண்டு துண்டுகளையும் நெருக்குகிறது. பீங்கான் இழுவையில் பலவீனம். நெருக்கினால் பல மடங்கு தாங்கும்.

அப்படியானால் சூட்டில் தளர்ந்துவிடாதா? பித்தளை பீங்கானைவிட மூன்று, நான்கு மடங்கு அதிகமாக விரிவடையும். 20 மில்லிமீட்டர் கொக்கி 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், பீங்கானைவிட ஏறக்குறைய 0.017 மில்லிமீட்டர் அதிகம் நீளும். சுத்தியலால் அடித்து இறுக்கிய பித்தளையோ, வளைந்து கெடாமல் சுமார் 0.06 மில்லிமீட்டர் நீண்டு மீளக்கூடியது. தேநீர் அதில் ஒரு பங்கைத் தின்றாலும் மிச்சம் இருக்கிறது. காய்ச்சி மென்மையாக்கிய செம்புக் கம்பியில் இந்த மிச்சம் கிடைக்காது. என்னைக் கேட்டால், இந்த வேலையின் சூட்சுமமே சுத்தியலில்தான். வைரத்துக்குத்தான் பேர் போய்விட்டது.

நீர் கசியாமல் இருக்க முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் குழைத்து அடைப்பார்கள்.

இரும்புக் கொக்கிதான் தலைவலி. துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். துளைக்குள் வீங்கி, காப்பாற்ற வந்ததே பீங்கானை உடைக்கும். ஐரோப்பாவிலும் இந்தக் கொக்கி வேலை வெகுகாலம் நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எப்பாக்ஸி பசை வந்து அதை ஓரங்கட்டியது. அப்புறம் ஒரு கட்டத்தில் கொக்கிகளை அறுத்தெடுத்து, துளையை அடைத்து வண்ணம் பூசுவது வழக்கமானது. இப்போது பழுதுபார்ப்போர் பலர், துருவோ தளர்வோ இல்லாத கொக்கியை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.