சொல் விளக்கம்: ஷட்டவுன்

தமிழ்நாட்டில் ‘நாளைக்கு ஷட்டவுன்’ என்று யாராவது சொன்னால், இன்றே மோட்டாரைப் போட்டு மேல்தொட்டியை நிரப்பிவிட வேண்டும் என்று பொருள். துணைமின் நிலையத்தில் பராமரிப்புப் பணி நடக்கும். காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் பிற்பகல் 2 மணிக்கோ மாலை 5 மணிக்கோ வரும். கணினியை அணைப்பதற்கும் இதே சொல்தான். மூன்றாவது பொருள் செய்தித்தாள் வழியாக வந்தது: ‘அமெரிக்காவில் ஷட்டவுன்’. முதல் இரண்டிலும் யாருக்கும் குழப்பமில்லை. மூன்றாவதற்குத்தான் ஆளுக்கொரு தமிழ்ச்சொல் ஓடுகிறது. அரசு முடக்கம், அரசாங்க மூடல், நிதி முடக்கம், பணி நிறுத்தம் என்று எழுதுகிறார்கள். சில நேரம் கதவடைப்பு என்றும் வருகிறது. வாஷிங்டனுக்கோ கிராண்ட் கேன்யனுக்கோ டிக்கெட் போட்டு வைத்திருப்பவர் இவற்றைப் படித்துவிட்டு, எல்லா இடமும் பூட்டிக் கிடக்கும் என்று நினைப்பார். இல்லையென்றால் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கிவிட்டார்கள் என்று நினைப்பார். இரண்டுமே தவறு. அமெரிக்க நாடாளுமன்றம் உரிய நாளில் நிதி ஒதுக்காததால் அரசுத் துறைகளின் பணிகள் நின்றுபோவதைத்தான் இந்த ஷட்டவுன் குறிக்கிறது.

ஷட் என்ற வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் தாழ்ப்பாளைத் தள்ளிப் போடுவது என்று பொருள். அம்பு எய்வதைக் குறிக்கும் ‘ஷூட்’டும் இதே வேரிலிருந்து வந்ததுதான், இரண்டிலும் ஒன்றை விசையோடு தள்ளுகிறோம். நம் கடைத்தெருவில் இரவில் இழுத்துச் சாத்தும் ஷட்டரும், தறிக்காரர் நாடா என்று சொல்லும் ஷட்டிலும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். ‘டவுன்’ சேர்ந்து ஒரே சொல்லான பிறகு, 19ஆம் நூற்றாண்டில் ஆலைகளும் சுரங்கங்களும் வேலையை நிறுத்தி வைப்பதைக் குறிக்கப் பயன்பட்டது. அரசுக்கு இந்தச் சொல் பரவலாக ஒட்டிக்கொண்டது 1980க்குப் பிறகு. அதற்குக் காரணம் ஒரு சட்ட விளக்கம்.

சட்டத்தின் மூலம் ஒதுக்கப்படாத பணத்தைக் கருவூலத்திலிருந்து எடுக்கக் கூடாது என்கிறது அமெரிக்க அரசமைப்பு. அதை மீறி எந்தத் துறையும் செலவை இழுத்துவிடக் கூடாது என்பது பற்றாக்குறைத் தடைச் சட்டம். 1884இல் அதில் ஒரு விதி சேர்ந்தது: ஊழியர் சம்பளம் இல்லாமல் உழைக்கத் தானாக முன்வந்தாலும் அரசு அதை ஏற்கக் கூடாது. உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து வரும் அவசரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. முடக்கத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட வனக்காவலர் ‘சும்மாதானே இருக்கிறேன், போய்க் கழிப்பறையைக் கழுவிவிட்டு வருகிறேன்’ என்றாலும் முடியாததற்கு இந்த விதிதான் காரணம்.

சட்டம் அப்படி இருந்தும் நடைமுறை வேறாகத்தான் இருந்தது. 1976 முதல் 1979 வரை ஆறு முறை ஒதுக்கீடு உரிய நாளில் வரவில்லை. எப்படியும் பணம் வந்துவிடும் என்று துறைகள் சிக்கனமாக வண்டியை ஓட்டின. 1980 ஏப்ரலில் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, ஒதுக்கீடு இல்லையென்றால் வேலையை ஒழுங்காக முடித்து வைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது என்று கருத்துரை எழுதினார். அடுத்த சில நாளிலேயே, மே 1 அன்று, கூட்டாட்சி வணிக ஆணையம் ஒரு நாள் மூடப்பட்டது. 1981 ஜனவரியில் இரண்டாவது கருத்துரையில், உயிரையும் உடைமையையும் காக்கும் பணிகள் தொடரலாம் என்று அவரே எல்லையை விளக்கினார். இன்று நாம் பார்க்கும் ஷட்டவுன் அந்த இரண்டு கடிதங்களில் பிறந்தது.

அமெரிக்க நிதியாண்டு 1976 வரை ஜூலை 1 அன்று தொடங்கியது. பிறகு அக்டோபர் 1க்கு மாறியது. பயணிகளுக்கு இந்த மாற்றம் வினையாகிவிட்டது. அக்டோபர், இலையுதிர்கால நிறம் பார்க்கக் கூட்டம் சேரும் மாதம். இரண்டாம் திங்கள்கிழமை கொலம்பஸ் நாள் வருவதால் நீண்ட வார இறுதி வேறு. 1990இல் முடக்கம் சரியாக அந்த வார இறுதியில் விழுந்து, தேசியப் பூங்காக்களும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களும் பூட்டப்பட்டன. உரிய நாளுக்குள் பட்ஜெட் முடியாவிட்டால் பழைய அளவில் சில வாரம் செலவு செய்ய இடைக்காலத் தொடர்ச்சித் தீர்மானம் போடுவார்கள். அது காலாவதியாகும் தேதிதான் அடுத்த கண்டம். செப்டம்பர் 30 தாண்டிவிட்டது என்று நிம்மதி அடையாமல், அந்தத் தேதியையும் குறித்துக்கொண்டு டிக்கெட் எடுப்பது நல்லது.

இதோடு வரும் இன்னொரு சொல் பர்லோ. ‘விடுப்பு, அனுமதி’ எனப் பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து படைவீரர் விடுப்பாக ஆங்கிலத்துக்கு வந்தது. இந்தியச் செய்திகளில் சிறைக் கைதிக்குத் தரும் விடுப்பையும் இப்படியே எழுதுகிறார்கள். அமெரிக்க அரசு ஊழியருக்கு இதை ‘ஊதியமில்லா விடுப்பு’ என்று பெயர்த்தால் பாதி சரி. 2019 ஜனவரியில் வந்த சட்டம், முடக்கம் முடிந்ததும் நிலுவை ஊதியம் தர வகைசெய்கிறது. ஆகவே ‘ஊதியம் நிறுத்தப்பட்ட கட்டாய விடுப்பு’ என்பதே பொருந்தும். பூங்கா விடுதியில் அறை துடைப்பவர், அருங்காட்சியகத்துச் சிற்றுண்டிக் கடைக்காரர் போன்ற ஒப்பந்தப் பணியாளருக்கு அந்த உறுதி கிடையாது. போன நாள் போனதுதான்.

வேலைக்கு வருகிறவர்களிலும் இரண்டு வகை உண்டு. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரும் விமான நிலையச் சோதனை ஊழியரும் சம்பளம் தள்ளிவைக்கப்பட்டே பணிக்கு வர வேண்டும். இவர்கள் விதிவிலக்குப் பணியாளர். தூதரகத்தில் விசா பார்ப்பவர்களின் செலவு விண்ணப்பக் கட்டணத்திலிருந்து வருகிறது, அதனால் அவர்கள் ஒதுக்கீட்டுக்குக் காத்திருப்பதில்லை. சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி வாங்கியவர்கள் முடக்கச் செய்தி கேட்டுப் பதறத் தேவையில்லாததற்கு இதுவே காரணம். 1995–96இல் நிலைமை அப்படி இல்லை. விசா விண்ணப்பங்கள் நாளொன்றுக்கு 20,000 முதல் 30,000 வரை தேங்கின. இரண்டு வகையையும் சேர்த்து ‘அத்தியாவசியப் பணியாளர்’ என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். யார் அவசியம் என்பதைவிட, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதே இங்கே கேள்வி.

சுற்றுலாத் தலங்களுக்கும் அதே கேள்விதான். ஓர் இடம் திறந்திருக்குமா என்று அறிய, அதை நடத்துபவர் யார் என்று பாருங்கள். நயாகரா நியூயார்க் மாநிலப் பூங்கா. வாஷிங்டனில் முடக்கம் வந்தாலும் அருவி வழக்கம்போல. ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் ஒரு தனியார் சங்கத்தின் சொத்து. மான்யுமென்ட் வேலி, ஆண்டிலோப் கேன்யன் இரண்டும் நவஹோ பழங்குடியினர் நிலம். கிராண்ட் கேன்யனில் தென்விளிம்பு தேசியப் பூங்கா, ஆனால் கண்ணாடிப் பாலம் இருக்கும் மேற்குப் பகுதி ஹுவாலபாய் பழங்குடியினருடையது. ஸ்மித்சோனியன் கூட்டாட்சிப் பணத்தை நம்பியிருந்தாலும் முந்தைய ஆண்டின் மிச்சம் இருந்தால் அதை வைத்துச் சில நாள் தாக்குப் பிடிக்கும். 2018 டிசம்பர் 22 அன்று தொடங்கிய முடக்கத்தில் ஜனவரி 2 அன்றும், 2025இல் அக்டோபர் 12 அன்றும்தான் கதவைச் சாத்தியது. முதல் பத்து நாளுக்குள் வாஷிங்டன் போகிறவர் அருங்காட்சியகங்களை முதலில் முடித்துவிட்டு நினைவிடங்களைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். திறந்தவெளி நினைவிடங்களுக்குக் கதவு கிடையாது, நடந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது பொது நிலை. 2013இல் அவற்றுக்கும் தடுப்பு வைத்தார்கள். இரண்டாம் உலகப்போர் நினைவிடத்துக்கு வந்த முன்னாள் படைவீரர்கள் முதல் நாளே அதைத் தாண்டி உள்ளே போனார்கள். அந்த முடக்கத்தில் தேசிய விலங்குக்காட்சிச்சாலையின் பாண்டா கேமராவையும் அணைத்துவிட்டார்கள். விலங்குகளுக்குத் தீனி போடுவது உயிர்காக்கும் பணி, கேமரா அப்படி இல்லையே!

பூங்காக்களை மூடுவதா, ஆளில்லாமல் திறந்து வைப்பதா என்பதில் இரண்டு வழியையும் அமெரிக்கா முயன்று பார்த்துவிட்டது. 2013 அக்டோபரில் 16 நாள் 401 இடங்களையும் மூடினார்கள். அந்த மாதம் முந்தைய மூன்றாண்டுச் சராசரியைவிட 78.8 லட்சம் வருகை குறைந்தது என்றும், பூங்கா வாசல் ஊர்களில் பயணிகள் செய்திருக்கக்கூடிய 41.4 கோடி டாலர் செலவு இல்லாமல் போனது என்றும் பூங்காத்துறையே பின்னர் மதிப்பிட்டது. பொறுக்க முடியாத மாநிலங்கள் கைக்காசு போட்டுத் திறந்தன. யூட்டா 8 இடங்களுக்கு ஏறக்குறைய 16.7 லட்சம் டாலரை முன்பணமாகக் கட்டியது. சுதந்திரதேவி சிலைக்கு நியூயார்க் நாளொன்றுக்கு 61,600 டாலர் கொடுத்தது.

2018–19இல் 35 நாளும் பெரும்பாலான பூங்காக்களின் வாயிலைத் திறந்தே விட்டார்கள். நுழைவுச்சீட்டு கொடுக்க ஆளில்லை, கட்டணமும் இல்லை. கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீயில் என்ன ஆனது என்று பார்த்தால் முடக்கம் எந்த இடத்தில் கடிக்கிறது என்பது புரியும். அந்தப் பாலைவனத்தில் பல கழிப்பறைகளுக்குத் தண்ணீர் இணைப்பு இல்லை. அடியில் ஒரு தொட்டி, அது நிரம்பும்போது லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போக வேண்டும். லாரிக்குப் பணம் கொடுக்க ஒதுக்கீடு இல்லை. ஊர்க்காரர்கள் கழிப்பறைக் காகிதம் வாங்கி வைத்தார்கள், குப்பையை அள்ளினார்கள். தொட்டியைக் காலி செய்வது அவர்களால் ஆகிற காரியமா? ஜனவரி 2 அன்று, பயணிகள் கூடாரம் போடும் முகாம்களை மூடினார்கள். வண்டிகள் பாதையை விட்டு மண்ணில் ஏறின, சில மரங்கள் வெட்டுப்பட்டன. கடைசியில் சேமிப்பிலிருந்த நுழைவுக் கட்டணப் பணத்தை எடுத்துச் சமாளித்தார்கள். அது சட்டமீறல் என்று 2019 செப்டம்பரில் அரசின் தணிக்கை அலுவலகம் சொன்னது. யூட்டாவின் ஆர்ச்சஸ் பூங்காவில் சிக்கல் வேறு: பனி பெய்தது, சாலையில் பனியைத் தள்ள ஆளில்லை, வழி அடைபட்டது. பூங்கா ‘திறந்திருக்கிறது’ என்ற அறிவிப்பைப் பார்த்துக் கிளம்புகிறவர் தண்ணீர், காகிதம், குப்பைப்பை, வரைபடம் நான்கையும் தானே கொண்டுபோக வேண்டும். வழி தவறினால் மீட்புக்குழு வரத் தாமதமாகும் என்பதால் நீண்ட மலைநடையைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

விமானப் பயணத்தில் அடி முதல் வாரத்தில் தெரியாது. சம்பளம் ஒரு முறை தவறி, இரண்டாவதும் தவறும்போதுதான் விடுப்பு எடுப்போர் கூடுவார்கள். 2025இல் முடக்கம் 43 நாள் நீண்டது; அதுவரை நடந்தவற்றில் அதுதான் மிக நீளம். நவம்பர் 7 முதல் 40 பெரிய விமான நிலையங்களில் சேவையை 4 விழுக்காடு குறைக்க உத்தரவு வந்தது, பிறகு அது 6 ஆனது. பன்னாட்டு விமானங்களில் கைவைக்கவில்லை. சென்னையிலிருந்து நியூயார்க் போய்ச் சேர்வதில் சிக்கலில்லை. அங்கிருந்து சிற்றூருக்கு மாறும் உள்நாட்டு விமானம்தான் ரத்தாகும். முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் மாற்று விமானம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்திருந்தால் உங்கள் பாடு. பூங்கா பூட்டியிருக்கிறது என்பதற்காக விமானக் கட்டணம் திரும்பாது, சாதாரணப் பயணக் காப்பீடும் பெரும்பாலும் கைவிரித்துவிடும். ‘எக்காரணத்துக்கும் ரத்து’ என்ற கூடுதல் பிரிவு வாங்கினால் பொதுவாக 50 முதல் 75 விழுக்காடு கிடைக்கும். அதை முதல் பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுத்திருக்க வேண்டும்.

இனி தமிழ்ச்சொல். ‘வேலைநிறுத்தம்’ தொழிலாளர் செய்வது, ‘கதவடைப்பு’ தமிழ்நாட்டில் முதலாளி செய்வது. ஈழத்தமிழில் கதவடைப்பு என்றால் ஹர்த்தால், கடைகள் எதிர்ப்புக்காகச் சாத்தப்படுவது. ‘முழு அடைப்பு’ பந்த்துக்குப் போய்விட்டது. ‘பொது முடக்கம்’ கொரோனா காலத்து ஊரடங்குக்குப் போனது. ‘அரசாங்க மூடல்’ சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. படை, அஞ்சல், எல்லைக்காவல் எல்லாம் நடக்கும்போது அரசு மூடிவிட்டது என்பது பொய். ‘நிதி முடக்கம்’ என்றால் வங்கிக் கணக்கை முடக்குவது நினைவுக்கு வரும்.

மிஞ்சுவது ‘முடக்கம்’. மற்றச் சொற்களைவிட இதன் வேர் பொருளுக்கு நெருக்கமானது. முடங்கு என்றால் வளை, மடங்கு. சுருட்டிய ஓலைக்கு முடங்கல் என்று பெயர். முடக்குவாதத்தில் ஆள் உயிரோடிருப்பார், மூட்டுகள்தான் அசையாது. அதைத் தீர்க்கும் என்று நம்பிய கீரைக்கு முடக்கற்றான் என்று பெயர் வைத்தோம். உயிர் இருக்க உறுப்பு செயலற்றுப் போவது என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆனாலும் ‘அரசு முடக்கம்’ என்று மட்டும் எழுதினால், நாடாளுமன்ற அமளியையும் நாம் ‘அவை முடக்கம்’ என்பதால் ஒரு மயக்கம் வரும். நடுவில் ‘பணி’யைச் சேர்த்து ‘அரசுப்பணி முடக்கம்’ என்பதைப் பரிந்துரைக்கிறோம். முதல் முறை எழுதும்போது ‘நிதி ஒதுக்கீடு இல்லாததால்’ என்ற காரணத்தையும் போட்டுவிட்டால் போதும்.

காரணத்தைப் போடச் சொல்வது ஏனென்றால், நம் வாசகருக்கு இப்படியொரு நிலை பழக்கமில்லை. இந்தியாவிலும் ஒதுக்கீட்டுச் சட்டம் இல்லாமல் தொகுநிதியிலிருந்து பணம் எடுக்க முடியாது. ஆனால் பட்ஜெட் முடியத் தாமதமானால், இடைக்காலச் செலவுக்கு அனுமதி தரும் முன்பண மானியக் கோரிக்கை நிறைவேறும். மக்களவையில் பண மசோதா தோற்றால் அரசே பதவி விலகும், அலுவலகம் பூட்டப்படாது. பெல்ஜியத்தில் 2010–11இல் 541 நாள் புது அரசு அமையவில்லை. அங்கே பழைய பட்ஜெட்டில் மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு வீதம் செலவு செய்ய நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது, அருங்காட்சியகங்களும் திறந்தே இருந்தன.

சொல்லைப் பயன்படுத்திக் காட்ட, 2013இல் பூங்கா வாயில்களில் தொங்கிய அறிவிப்பைத் தமிழில் இப்படி எழுதலாம்: ‘கூட்டாட்சி அரசின் பணி முடக்கம் காரணமாகத் தேசியப் பூங்காக்கள் அனைத்தும் மூடப்பட்டுள்ளன.’ முடங்கியது பணி, மூடியது பூங்கா.