ஆல்ட்-டேப் தட்டினால் விசை யாரிடம் போகிறது?

கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டது என்போம். பெரும்பாலும் ஹேங் ஆகியிருப்பது ஒரே ஒரு புரோகிராம்தான். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு டேப்பைத் தட்டினால் அடுத்த விண்டோ ஒன்றுமே நடக்காததுபோல் வந்து நிற்கும். எந்த விசைக்கும் அசையாத நேரத்தில் இது மட்டும் எப்படி எடுபடுகிறது?

நாம் அழுத்தும் விசை நேராக வேர்டுக்கோ எக்செலுக்கோ போவதில்லை. முதலில் விண்டோஸிடம் போகிறது. ஆல்ட்-டேப், எல்லாவற்றையும் இறக்கிவிட்டு டெஸ்க்டாப்பைக் காட்டும் விண்டோஸ் கீ-டி போன்றவற்றை அது தன்னிடமே வைத்துக்கொள்ளும். மிச்சத்தை, முன்னால் இருக்கும் விண்டோவுக்கான வரிசையில் போட்டுவிடும். புரோகிராம் அந்த வரிசையைக் கவனிக்காமல் விட்டால்தான் தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வருகிறது. ஆல்ட்-எஃப்4 இந்த இரண்டாவது ரகம், புரோகிராமின் கைக்கே போகும். மூடுவதற்கு முன்னால் ‘சேவ் செய்யவா’ என்று அது கேட்க முடிவதும் அதனால்தான். கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட்டை மட்டும் சாதாரணப் புரோகிராம் எதுவும் இடையில் பிடிக்கவே முடியாது. போலி லாகின் திரை காட்டிப் பாஸ்வேர்டு திருடுவதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது.

சரி, ஆல்ட்-டேப்புக்கு வருவோம். அட்மிஷன் சமயத்தில் தருமபுரியில் ஏதாவது ஒரு இ-சேவை மையத்தில் நின்று பாருங்கள். “அண்ணா, ரேஷன் கார்டு பின்பக்கமும் குடுங்க” என்று கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பெண் மூன்று விண்டோக்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பார்: விண்ணப்பப் பக்கம், ஸ்கேன் ஃபோல்டர், போட்டோ சைஸைக் குறைக்கும் புரோகிராம். ஒரு தட்டு தட்டினால் கடைசியாகப் பார்த்த விண்டோ வரும், மறுபடி தட்டினால் பழையதுக்கே திரும்பும். மூன்றாவது வராது. காரணம், அந்தப் பட்டியல் திறந்த வரிசையில் இல்லை, கடைசியாகத் தொட்ட வரிசையில் இருக்கிறது. தொட்டது உடனே தலைக்கு ஏறிவிடும், விட்டுவந்தது இரண்டாம் இடத்துக்கு இறங்கும். ஆல்ட்டை விடாமல் டேப்பை இரண்டு தடவை தட்டி விடுங்கள், மூன்றாவது வரும். ஒவ்வொரு முறையும் அப்படியே இரண்டிரண்டாகத் தட்டினால் மூன்றும் மாறி மாறிச் சுற்றும். காகிதத்தில் அ, ஆ, இ என்று எழுதி நகர்த்திப் பார்த்தால் புரிந்துவிடும்.

மவுஸ் கதை வேறு. சுட்டி நகரும்போதெல்லாம் ‘இது உன்னில் எந்த இடம்?’ என்று விண்டோஸ் அந்த விண்டோவிடம் கேட்கிறது. தலைப்புப் பட்டை, ஓரம், மூலை, உள்பக்கம் என்று பதில் வரும். பதிலைப் பொறுத்துக் கிளிக்கின் அர்த்தம் மாறும். தலைப்பில் டபுள் கிளிக் செய்தால் திரை நிறையும், மேல் ஓரத்தில் செய்தால் அகலம் மாறாமல் உயரம் மட்டும் நீளும். இடது மேல் மூலையில் குட்டி ஐகான் இருந்தால், அதில் செய்தால் விண்டோ மூடிக்கொள்ளும். விண்டோஸ் 95இல் பெருக்கல் குறி பட்டன் வருவதற்கு முன்னால் மவுஸில் சட்டென்று மூடும் வழி அதுதான். இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். தலைப்பைத் தாங்களே வரைந்துகொள்ளும் புதிய புரோகிராம்களில் அந்த ஐகான் பெரும்பாலும் இருக்காது.

இவற்றில் எனக்குப் பிடித்தது ஆல்ட்-ஸ்பேஸ். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்குப் பார்ப்பவர், ஆபீஸில் இரண்டாவது மானிட்டரோடு வேலை செய்த லேப்டாப்பை வீட்டில் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே பட்டையில் புரோகிராம் தெரிகிறது, விண்டோவைக் காணோம். சில புரோகிராம்கள் பழைய இடத்தையே நினைவில் வைத்து, இல்லாத மானிட்டரில் போய்த் திறந்துகொள்ளும். ஆல்ட்-டேப்பில் அதைத் தேர்ந்தெடுத்து, ஆல்ட்-ஸ்பேஸ், அப்புறம் எம், அப்புறம் ஏதாவது ஓர் அம்புக்குறி. இப்போது மவுஸை அசைத்தால் விண்டோ சுட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும், கிளிக் செய்தால் அங்கேயே இறங்கும். ஆல்ட்-ஸ்பேஸ் திறக்கும் மெனுவில் ‘மூவ்’ மங்கலாக இருந்தால் அது திரை நிறைந்த நிலையில் இருக்கிறது என்று அர்த்தம்; முதலில் ஆர் தட்டிவிட்டு மறுபடி ஆல்ட்-ஸ்பேஸ்.