பிரசவப் பை: அடுக்குவது ஒருவர், திறப்பது வேறொருவர்

பிரசவத்துக்குப் போகும் பையைக் கர்ப்பிணிதான் பார்த்துப் பார்த்து அடுக்குகிறார். லேபர் ரூமுக்குள் போன பிறகு அவர் கை அதில் படுவதே இல்லை. மிஸ்ஸி (நர்ஸ்) கதவைத் திறந்து, "ஒரு கைலி, ஒரு பேட், பிள்ளைக்குச் சட்டை, தொப்பி கொடுங்க" என்று கேட்கும்போது, வெளியே நிற்கும் கணவரோ மாமியாரோதான் பையைத் திறக்கிறார். அடியில் கிடக்கும் குழந்தைச் சட்டைக்காக மொத்தத்தையும் நாற்காலியில் கொட்டித் தேடுவதை வார்டு வாசலில் அடிக்கடி பார்க்கிறோம். இரவு இரண்டு மணிக்குப் பதற்றத்தில் இருக்கும் ஒருவர், கேட்டதை ஒரே நிமிடத்தில் எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும். பையை அந்த ஆளுக்காக அடுக்குங்கள்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டவுனில் மருத்துவமனை இருந்தாலும், ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை, முந்தைய ஆபரேஷன் என்று ஏதாவது இருந்தால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். சுமார் 30 கிலோமீட்டர். லாசா, ஜாலோங் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு அதைவிடக் கூடுதல். தாய் ஆம்புலன்ஸில் போவார். கணவர் பின்னால் மோட்டாரிலோ காரிலோ வருவார். பெரிய பை கணவரோடு நின்றுவிட்டால், தாய் வெறுங்கையோடு போய்ச் சேருகிறார். எனவே ஒரே பெரிய பையாகக் கட்டாதீர்கள். தாயை விட்டுப் பிரியாத சிறிய பை ஒன்று, வார்டுக்குப் பின்னால் வரும் பெரிய பை ஒன்று என்று இரண்டாகப் பிரியுங்கள்.

36 வாரத்துக்குள் இரண்டும் தயாராக இருக்கட்டும். இரட்டைக் குழந்தை, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, முந்தைய குறைமாதப் பிரசவம், ஏறியிறங்கும் ரத்த அழுத்தம் இருந்தால் 32 வாரத்திலேயே கட்டிவிடுங்கள். கிளினிக் புத்தகத்தில் ஆபத்து கூடுதல் என்று மஞ்சள் அல்லது சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டவர்கள் கடைசி வாரத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

முதலில் காகிதங்கள்

சிறிய பையின் மேலே, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று. அதில் பிங்க் புத்தகம் (கிளினிக்கில் கொடுத்த கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம்), தாயின் ஐசி (அடையாள அட்டை), கணவரின் ஐசி நகல், திருமணப் பதிவுச் சான்றிதழின் நகல், ஸ்கேன் தாள்கள், அரசு ஊழியர் குடும்பமாக இருந்தால் மருத்துவச் செலவுக்கான உத்தரவாதக் கடிதம். பிங்க் புத்தகத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் விடாதீர்கள். ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை அளவு, ஆர்எச் நெகட்டிவா என்பது, எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனை முடிவுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. புத்தகம் இல்லாமல் போனால் சோதனைகளை மறுபடி எடுக்க வேண்டிவரும். ரத்தப்போக்கு உள்ள தாய்க்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

திருமணச் சான்றிதழைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோவிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டு, பதிவை மட்டும் "பிறகு பார்க்கலாம்" என்று விட்ட தம்பதிகள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் திருமண, மணவிலக்குச் சட்டப்படி முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவாக வேண்டும். பதிவு இல்லாவிட்டால், குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயர் தானாக ஏறாது. தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டால்தான் ஏறும். அம்மா வெளிநாட்டுக்காரர், அப்பா மலேசியர், திருமணம் பதிவாகவில்லை என்றால் நிலைமை இன்னும் கடுமை: குழந்தையின் குடியுரிமை தாயைப் பார்த்தே முடிவாகிறது. பிறந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் அது எளிதில் சரியாவதில்லை. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் வெளிநாட்டவராகவே நடத்தப்படும். பதிவு விண்ணப்பத்தை 21 நாள் அறிவிப்பில் வைப்பார்கள். வெளிநாட்டுத் துணை என்றால் தூதரகக் காகிதங்களுக்கும் நாள் பிடிக்கும். ஆகவே ஐந்தாம் மாதத்திலேயே தேசியப் பதிவு இலாகாவுக்குப் போங்கள். ஒன்பதாம் மாதம் மிகவும் தாமதம்.

சிறிய பை

ஜிப் வைத்த இரண்டு பிளாஸ்டிக் பைகள் போதும். ஒன்றின் மேல் மார்க்கரால் "அம்மா" என்று எழுதுங்கள்: ஒரு கைலி, முன்பக்கம் திறக்கும் நைட்டி, இரண்டு உள்ளாடை, நீளமான பிரசவ பேட் ஐந்தாறு. இன்னொன்றின் மேல் "பிள்ளை, பிறந்தவுடன்": ஒரு சட்டை, தொப்பி, கையுறை, காலுறை, சுற்றுவதற்கு ஒரு பெடோங் துணி, சிறிய துண்டு, ஒரு பெம்பர்ஸ். தொப்பியை விட்டுவிடாதீர்கள். பிறந்த குழந்தை ஈரத்தோடு ஏர்கான் அறைக்கு வருகிறது; தலை வழியாக உடல் சூடு வேகமாக இறங்கும்.

போன், நீளமான வயர் உள்ள சார்ஜர், பவர் பேங்க், பார்க்கிங்குக்கும் கேன்டீனுக்கும் சில்லறையாக ஐம்பது வெள்ளி, தண்ணீர்ப் போத்தல், பேரீச்சம்பழம் அல்லது பிஸ்கட். சர்க்கரை உள்ளவர்கள் இன்சுலின் பேனாவையும் குளுக்கோமீட்டரையும் வைத்துக்கொள்ளுங்கள். வலி வரவழைக்கும் நாளிலோ சிசேரியன் காலையிலோ இன்சுலின் எவ்வளவு போடுவது என்பதை முந்தைய கிளினிக் நாளிலேயே கேட்டுப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். வழக்கமான அளவைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

நகைகள் வேண்டாம். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்களைக் கையில் நிறைய அடுக்கியபடி வருகிறார்கள். டிரிப் ஊசி போடுவது மணிக்கட்டில்; வலியில் கட்டில் கம்பியைப் பிடிக்கும்போது வளையல் உடைந்தால் கையைக் கிழிக்கும். வீட்டிலேயே பெரியவர்கள் கையால் கழற்றி, சாமி படத்தின் முன் வைத்துவிடுங்கள். தாலிச் சங்கிலி ஆபரேஷன் அறையில் எப்படியும் கழற்றப்படும், ரத்தக் கசிவை நிறுத்தும் மின்கருவி உலோகத்தோடு சேர்ந்தால் சுடக்கூடும் என்பதால். முன்கூட்டியே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டால் மனசும் நோகாது, நகையும் தொலையாது. நகப்பூச்சை முழுவதும் அழித்துவிடுங்கள். மருதாணியை விரல் நுனிகளில் அடர்த்தியாக வைக்காதீர்கள். ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கிளிப் விரல் நுனியில்தான் மாட்டப்படுகிறது.

வார்டுக்கான பெரிய பையில் நான்கைந்து கைலி, இரண்டு மூன்று நைட்டி, பேட் இரண்டு பாக்கெட், பால் கொடுக்க வசதியான உள்ளாடை, வழுக்காத சிலிப்பர், சோப்பு, பல்துலக்கி, வெந்நீர் பிளாஸ்க், குழந்தைக்கு ஐந்து செட் உடை, நியூபார்ன் அளவு பெம்பர்ஸ் ஒரு பாக்கெட், பஞ்சு. இதற்கு மேல் வேண்டாம். கட்டில் பக்கத்து அலமாரியில் அதற்கு மேல் இடமிருக்காது.

எதை வைக்கக் கூடாது

பால் போத்தலும் பால்மாவும் வேண்டாம். அரசு மருத்துவமனைகள் எல்லாமே தாய்ப்பால் நட்பு மருத்துவமனைகள் என்ற அங்கீகாரம் 1998-லேயே மலேசியாவுக்குக் கிடைத்துவிட்டது. வார்டில் போத்தலை அனுமதிப்பதில்லை. பால்மா மருத்துவக் காரணத்துக்காகத் தேவைப்பட்டால் அவர்களே கொடுப்பார்கள். தேனும் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பாட்டி அன்போடு நாக்கில் தடவ நினைப்பார். பிரசவத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள், பிள்ளை பிறந்த நேரத்தில் வாக்குவாதம் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட அந்துருண்டை. அக்கா பிள்ளையின் சட்டைகளை அலமாரியில் அந்துருண்டை போட்டுப் பத்திரப்படுத்தி, அப்படியே பையில் மடித்து வைப்பார்கள். நாப்தலின் வாசனை துணியில் தங்கிவிடும். ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே வரும் ஒரு நொதிக் குறைபாடு) உள்ள குழந்தைக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையை மூளையைப் பாதிக்கும் அளவுக்கு ஏற்றிவிடும். இந்தக் குறைபாடு இருக்கிறதா என்று தொப்புள்கொடி ரத்தத்தில் பார்ப்பார்கள். முடிவு வருவதற்குள் குழந்தை அந்தச் சட்டையைப் போட்டிருக்கும். அந்துருண்டையோடு இருந்த துணியை எடுக்காமல் விடுவதே நல்லது. புதுத் துணியையும் ஒரு முறை துவைத்து வெயிலில் காயவைத்தே மடியுங்கள்.

கிளம்பும் நேரம்

முதல் பிரசவத்தில் வலி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒழுங்காக வந்தால் கிளம்பலாம். இரண்டாவது, மூன்றாவது என்றால் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தாலே கிளம்புங்கள். தோட்டத்து உள்சாலையில் மழைநாளில் அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். தண்ணீர்க் குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். பேட் வைத்துக்கொண்டு, உடைந்த நேரத்தையும் நிறத்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள்; பச்சையாக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ரத்தப்போக்கு, தலைவலியோடு கண் மங்குவது, 12 மணி நேரத்தில் குழந்தையின் பத்து அசைவுகூட எண்ண முடியாதது ஆகியவற்றுக்கும் உடனே கிளம்புங்கள்.

வண்டி இல்லாத இரவில் 999. தோட்டப் பெயரை மட்டும் சொன்னால் ஆம்புலன்ஸ் டிவிஷன் டிவிஷனாக அலையும். எந்தப் பெரிய சாலைச் சந்திப்பு, எந்த கேட், கோவிலிலிருந்து எத்தனையாவது லயம் (வீட்டு வரிசை) என்று மலாயில் எழுதிக் கதவில் ஒட்டிவைத்து, சந்திப்பில் ஒருவரை டார்ச்சோடு நிறுத்துங்கள்.

காரின் பின்சீட்டில் பெரிய துண்டு இரண்டு எப்போதும் இருக்கட்டும். வழியிலேயே பிறந்துவிட்டால் வண்டியை ஓரமாக நிறுத்தி 999-ஐ அழையுங்கள். குழந்தையை ஒரு துண்டால் நன்றாகத் துடைத்து, தாயின் வெறும் நெஞ்சின் மேல் வைத்து, அடுத்த துண்டால் இருவரையும் சேர்த்து மூடுங்கள். கொடியை இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள். வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டினால் கிருமி ஏறும்.

வீடு திரும்பும்போது குழந்தை இருக்கை கட்டாயம். 2020 ஜனவரி முதல் சட்டம் அப்படி. மடியில் பிடித்திருக்கும் குழந்தையை, திடீர் பிரேக்கில் எந்தக் கையாலும் தாங்க முடியாது.

பத்தியத்துக்குத் தாய்வீடு போவதாக இருந்தால், அந்த முகவரியையும் போன் நம்பரையும் பிரசவத்துக்கு முன்பே உங்கள் கிளினிக் மிஸ்ஸியிடம் கொடுத்துப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வந்து தையல், ரத்தப்போக்கு, குழந்தையின் மஞ்சள் எல்லாவற்றையும் பார்ப்பவர்கள் அந்த ஊர்க் கிளினிக்கைச் சேர்ந்தவர்கள். முகவரி தெரியாவிட்டால் பூட்டிய வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். மஞ்சள் காமாலை ஏறுவது பெரும்பாலும் அந்த முதல் வாரத்தில்தான்.