தூரம்தானே காட்டுது?

செயலிகளில் பாதுகாப்பு ஓட்டை தேடுவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. ஞாயிறு காலையில் எங்களோடு ஈ.சி.ஆரில் சைக்கிள் ஓட்டும் தோழி ஒருவர் போன மாதம் புதுச் செயலி ஒன்றைக் காட்டினார். அக்கம்பக்கத்தில் சைக்கிள் பிரியர்கள் யார் யார், எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று அது சொல்லும். "தூரம்தானே காட்டுது, வீடு எங்கேன்னு சொல்லலையே" என்றார்.

டீக்கடையில் கிடந்த பேப்பரின் ஓரத்தில் மூன்று வட்டம் போட்டேன். நான் நிற்கும் இடத்திலிருந்து நீங்கள் 800 மீட்டர் என்றால், முதல் வட்டத்தின் விளிம்பில் எங்கோ இருக்கிறீர்கள். வேறு தெருவுக்குப் போய்ப் பார்த்தால் இரண்டாவது வட்டம். இரண்டும் வெட்டிக்கொள்வது இரண்டே புள்ளியில். மூன்றாவது வட்டம் அதில் ஒன்றைக் கழித்துவிடும். மிஞ்சுவது உங்கள் வாசற்படி. இதற்கு நடக்கக்கூட வேண்டாம், நான் வேறு தெருவில் இருப்பதாகச் செயலியை நம்பவைக்கும் போலி ஜி.பி.எஸ். போதும். டீயில் முக்கிய பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

டேட்டிங் செயலியான டிண்டரில் 2013இல் சிக்கியது இதே ஓட்டைதான். திரையில் தூரம் முழு மைலாகத் தெரிந்தது. சர்வர் அனுப்பிய எண்ணிலோ தசமப் புள்ளிக்குப் பின்னால் நீளமான வால். பிறகு அடைத்தார்கள். ஓட்டம், சைக்கிள் பயணங்களைப் பதிவு செய்யும் செயலியான ஸ்ட்ராவா 2017இல் தன் பயனர்கள் ஓடிய, ஓட்டிய தடங்களையெல்லாம் சேர்த்து, பெயர்களை நீக்கி, ஒளிரும் வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதில் ராணுவ முகாம்களைச் சுட்டிக்காட்டினார். உடற்பயிற்சிக்காக வீரர்கள் ஓடிய தடம் அது.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது 1998இல் ஜப்பானில் வந்த லவ்கெட்டி. உள்ளங்கையில் அடங்கும் கருவி, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. பேச ஆசையா, கரோக்கே பாட ஆசையா என்று தேர்ந்தெடுத்து வைத்தால், ஏறக்குறைய 5 மீட்டருக்குள் அதே ஆசையோடு ஒருவர் வரும்போது ஒலிக்கும். சர்வர் கிடையாது, வரைபடம் கிடையாது.

இன்றைய போனிலும் கட்டுப்பாடு உண்டு. ஆண்ட்ராய்டு 12 முதல் செயலிக்குத் தோராயமான இருப்பிடம் மட்டும் கொடுக்கலாம், ஐ.ஓ.எஸ். 14 முதல் துல்லிய இருப்பிடத்தை அணைக்கலாம். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனுக்கு 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று தேர்வுகள். கூடும் இடத்துக்கு வழி காட்ட 15 நிமிடம் தாராளம். எங்கள் குழுவில் பலர் யோசிக்காமல் 8 மணியைத் தட்டுகிறார்கள்.

தோழி இப்போது வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, பெட்ரோல் பங்க் வந்த பிறகுதான் செயலியில் சைக்கிள் பயணப் பதிவை ஆரம்பிக்கிறார். அந்த இரண்டு தெரு கணக்கில் சேரவில்லையே என்பதுதான் அவர் வருத்தம்.