பாகவதர் கதைகளை அச்சேற்றும் முன்

பத்திரிகையில் சினிமாப் பக்கங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அந்தக் காலத்துப் பாட்டு நட்சத்திரம் எம்.கே.தியாகராஜ பாகவதரைப் பற்றி வரும் கட்டுரைகளில், "லண்டன் பிரிவி கவுன்சில் அவரை விடுதலை செய்தது" என்ற வரி அடிக்கடி வரும். அது தவறு. சினிமாக்காரர்களைப் பற்றி வம்பு எழுதிய பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்கில், மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது, வெள்ளைக்காரர் காலத்தின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில். 1947 ஏப்ரலில் பாகவதரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும் விடுவித்தது உயர் நீதிமன்றம்தான். பிரிவி கவுன்சில் தீர்ப்பு சட்டத் தொகுப்புகளில் அச்சாகியிருக்கிறது. தெரிந்த வக்கீலைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்.

தேதி உள்ள கதையைச் சோதிப்பது சுலபம். 1944 தீபாவளிக்கு வந்த பாகவதர் படம் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்பார்கள். மிகையோ என்று தோன்றும். 114 வாரம் ஓடியது என்ற கணக்கோடு சேர்த்துப் பாருங்கள், 1946 டிசம்பர் வரை வருகிறது. மூன்று தீபாவளியும் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் மூன்றாவது தீபாவளிக்குப் பாகவதரே தியேட்டருக்கு வந்தார், ரசிகர்கள் பூமாரி பொழிந்தார்கள் என்று யாராவது எழுதியனுப்பினால் அங்கே பேனா நிற்க வேண்டும். 1945 மே மாதமே ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, அப்போது அவர் சிறையில் இருந்தார்.

யார் நடித்தார், யார் பாட்டு எழுதினார் என்று சந்தேகம் வந்தால் முதலில் பாட்டுப் புத்தகத்தைத் தேடுவேன். படம் ஓடும்போதே கொட்டகையில் விற்றது அது. கதைச் சுருக்கம் பாதியில் நின்று, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களைப் பார்க்கலாம்.

என்னை உறுத்துவது கடைசிக் காலக் கதைகள்தான். கோயிலில் உட்கார்ந்திருந்த பாகவதரைப் பிச்சைக்காரர் என்று நினைத்து ஒருவர் காசு போட்டாராம். எந்தக் கோயில், எந்த வருஷம், போட்டது யார்? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விடுதலைக்குப் பிறகு வந்த படங்கள் முன்போல ஓடவில்லை, உடம்பும் கெட்டது, அதெல்லாம் உண்மை. ஆனால் 1959 நவம்பர் 1ஆம் தேதி அவர் இறந்தபோது அவர் நடித்த ‘சிவகாமி’ இன்னும் திரைக்கு வரவில்லை, மறுவருஷம்தான் வெளியானது. கடைசிவரை தொழிலில் இருந்த ஒரு கலைஞர் அவர். நேரில் கண்டவரின் பெயரோ அந்தக் காலத்துச் செய்தியோ கையில் வராதவரை, அந்தக் காசுக் கதையை என் பக்கத்தில் விடமாட்டேன், எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி.