பழைய லேப்டாப்புக்கு ரேம் வாங்கும் முன் அந்த ‘எல்’ எழுத்தைப் பாருங்கள்

லேப்டாப் மெதுவாகிவிட்டது என்றாலே “ரேம் போட்டா சரியாயிடும்” என்பார்கள். பல சமயம் அது சரிதான், சில சமயம் வீண்செலவு. தினமும் பயன்படுத்தும் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் மெமரி, அதாவது ரேம், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். 4 ஜிபியில் மூன்றரைக்கு மேல் நிரம்பியிருந்தால் ரேம் போதவில்லை. மெமரியில் இடம் இருந்தும் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே நின்றால், முதலில் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். ரேம் நிரம்பினாலும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் எழுதிப் படிக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை. அதை முதலில் 64 பிட்டுக்கு மாற்றியாக வேண்டும்.

ரேம் மாட்டும் ஸ்லாட் எத்தனை என்று டாஸ்க் மேனேஜரே காட்டும். ஆனால் போர்டிலேயே சொல்டர் செய்த ரேமையும் சில மாடல்களில் ஸ்லாட் கணக்கில் சேர்த்துவிடும். பின்மூடியைக் கழற்றிக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குவதுதான் நல்லது.

அதிகம் பேர் ஏமாறும் இடம் வோல்டேஜ். உதாரணத்துக்கு ஐ5-4210யூ பிராசஸர் உள்ள 2014 காலத்து லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். அதற்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் ரேம்தான் வேண்டும். சாதாரண டிடிஆர்3 கேட்பது 1.5 வோல்ட். இரண்டுக்கும் அதே 204 பின், விளிம்பில் அதே வெட்டு. அதனால் தவறான ரேமும் ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்துவிடும், ஆனால் திரையில் ஒன்றும் வராது. பழைய ரேமின் ஸ்டிக்கரைப் பாருங்கள்: ‘4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ்’ என்பது போல இருக்கும். மூன்றுக்குப் பின்னால் வரும் அந்த ‘எல்’தான் 1.35 வோல்ட். 12800 என்றால் 1600 வேகம். இந்த பிராசஸருக்கு ஒரு ஸ்லாட்டில் 8 ஜிபிதான் உச்சம், 16 ஜிபி ஸ்டிக்கை ஏற்காது.

இரண்டு ஸ்லாட் இருந்தால் ஒரே 8 ஜிபியை விட இரண்டு 4 ஜிபி மேல். தனி கிராஃபிக்ஸ் இல்லாத லேப்டாப் படம் காட்டவும் இந்த ரேமையே பயன்படுத்துவதால், கேம் ஆடும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

மாட்டும்போது சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி உள்ளே இருந்தால் போர்டிலிருந்து அதன் கனெக்டரை எடுத்துவிடுங்கள். பவர் பட்டனைப் பத்து பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு, ரேமின் விளிம்பை மட்டும் பிடியுங்கள். வெட்டைப் பொருத்தி, சுமார் 30 டிகிரி சாய்வில் உள்ளே முழுதாகத் தள்ளிய பிறகே கீழே அமுக்க வேண்டும். தங்க நிறப் பட்டைகள் அகலமாக வெளியே தெரிந்தால் இன்னும் உள்ளே போகவில்லை என்று பொருள். அப்படியே அமுக்கினால் பக்கத்துக் கிளிப் உடையும், உடைந்த ஸ்லாட்டை மாற்றுவது பெரிய வேலை.

முதல் தடவை திரை வரக் கொஞ்சம் தாமதமானால் பதறாதீர்கள். ஒரு நிமிடத்துக்கு மேலும் கறுப்பாகவே இருந்தால் பவரை மறுபடி முழுதாகத் துண்டித்து, ரேமை எடுத்து, பட்டைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, உலர்ந்ததும் திரும்ப மாட்டுங்கள். ரப்பரால் தேய்த்தால் துகள் ஸ்லாட்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே போட்டுப் பாருங்கள்.

ஓடத் தொடங்கியதும் ‘எம்டிஷெட்’ (mdsched) என்ற விண்டோஸ் மெமரி சோதனையை ஒரு முறை ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் கடையில் மாற்றி வாங்கிவிடுங்கள், பில்லை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.