விறைப்பில் நரம்பின் பங்கு எவ்வளவு?

பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் உடல் அசைவு கெடும் நிலை) உள்ள குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, மடங்கியிருக்கும் முழங்காலைச் சட்டென்று நீட்டிப் பார்க்கிறார் பிசியோதெரபிஸ்ட். பாதி வழியில் கால் ‘டக்’கென்று பிடித்துக்கொள்கிறது. அதே காலை மெதுவாக நீட்டினால் இன்னும் கொஞ்ச தூரம் போகிறது. இந்த இரண்டு கோணங்களுக்கும் இடையில்தான் விஷயமே இருக்கிறது.

தொடையின் பின்தசை வேகமாக இழுபடும்போது, அதற்குள் இருக்கும் நீட்சி உணரிகள் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். தண்டுவடம் பதிலுக்குத் தசையைச் சுருக்கும். இது எல்லோருக்கும் உள்ள அனிச்சைச் செயல்தான். மூளை அதை அடக்கி வைத்திருக்கும். அந்தக் கட்டுப்பாடு குறைந்தால் அனிச்சைச் செயல் அளவு மீறுகிறது, அதுதான் ஸ்பாஸ்டிசிட்டி. ஆனால் ஆண்டுக்கணக்கில் இப்படியே இருந்தால் தசையே வளர்ச்சி குன்றி விறைத்துப்போகும். அந்த விறைப்பில் நரம்புக்கு நேரடி வேலை இல்லை. தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி முதல் வகைக்குத்தான் கேட்கும். இரண்டாவதற்கு மாவுக்கட்டு, சில சமயம் அறுவை சிகிச்சை.

சிக்கல் என்னவென்றால், பரிசோதிப்பவரின் கைக்கு இரண்டும் சேர்ந்து ஒரே தடையாகத்தான் தெரியும். பரவலாகப் பயன்படும் திருத்தப்பட்ட ஆஷ்வொர்த் அளவுகோல் (1987) அந்தத் தடைக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுகிறது. நடுவில் ஒரு 1+ வேறு! எளிதுதான், ஆனால் எதனால் வந்த தடை என்று அது சொல்லாது.

உயிரியந்திரவியல் மாதிரி, அதாவது உடலின் அசைவையும் விசையையும் கணக்கிடும் கணித மாதிரி, இங்கேதான் கைகொடுக்கிறது. மூட்டின் கோணம், இழுக்கும் விசை, தோலில் ஒட்டிய மின்முனைகள் பிடிக்கும் தசையின் மின் சைகை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறார்கள். மொத்தத் தடையிலிருந்து முதலில் காலின் எடையையும் நிலைமத்தையும் கழிக்கலாம். மெதுவாக நீட்டும்போது மின் சைகை வராவிட்டால், மிச்சமிருப்பது தசை, தசைநாண்களின் விறைப்பு. அதை வைத்து, மாதிரியில் தசைக்குப் பதிலாக நிற்கும் சுருள்வில்லின் இறுக்கத்தைச் சரிசெய்துகொள்வார்கள். அப்புறம் வேகமாக நீட்டியதில் எவ்வளவு தடை கூடியது, அதோடு மின் சைகையும் எழுந்ததா என்று பார்த்தால் அனிச்சைச் செயலின் பங்கு பிடிபடும்.

அந்த அனிச்சைச் செயலைத் தூண்டுவது எது? ஸ்பாஸ்டிசிட்டிக்கு 1980-இல் நரம்பியல் மருத்துவர் லான்ஸ் தந்த வரையறை இழுபடும் வேகத்தை முன்வைத்தது. பல மாதிரிகளும் அதையே பின்பற்றின. ஆனால் 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், வேகத்தைவிடத் தசையில் எழும் விசையைத் தூண்டுதலாக வைத்த மாதிரியே பதிவான மின் சைகையோடு நன்றாகப் பொருந்தியது. எனக்கு இது சின்னத் திருத்தமாகத் தெரியவில்லை. விசைதான் தூண்டுகிறது என்றால், விறைத்த தசை சீக்கிரமே விசையைக் கூட்டி அனிச்சைச் செயலையும் கிளப்பிவிடும். இரண்டையும் தனித்தனிக் கணக்காக வைக்க முடியாது.

இத்தனைக்கும் குழந்தை தளர்வாகப் படுத்திருக்க வேண்டும். சிரித்தாலோ அழுதாலோ தசை தானாகவே இயங்கும். அந்தப் பதிவைத் தள்ளிவிட்டு மறுபடியும் எடுக்க வேண்டியதுதான்.